தோள் நோவும் இழப்பீட்டு நெறியும்

தடுப்பூசி ஒருவர் நலனுக்கு மட்டுமன்று. ஊர் முழுதும் நோயின்றி வாழ்தற்கும் ஆம். பெரியம்மை உலகினின்றே ஒழிந்ததென 1980இல் அறிவிக்கப்பட்டது இதற்குச் சான்று. ஆயின், அரிதாக ஊசியால் ஒருவர்க்கு ஊறு நேரின் அதனைத் தாங்கவேண்டியவர் அவரா, ஊரா? இவ்வினாவுக்கு நாடுகள் விடை கண்ட வரலாறு அறியத்தக்கது.

கட்டாய அம்மைக்குத்தலால் ஊறுற்றோர்க்கு அரசு ஈடு தரவேண்டுமென மேற்கு ஜெர்மனியின் கூட்டரசு நீதிமன்றம் 1953இல் தீர்ப்பளித்தது. 1961இல் அது சட்டமாயிற்று. பிரிட்டன் 1979இல் 10,000 பவுன் வழங்கச் சட்டம் செய்தது. ஆனால் நூற்றுக்கு எண்பது பங்கு முடங்கியோரே அதனைப் பெறலாயினர். அவ்வளவு 2002இல் அறுபதாயிற்று. அமெரிக்கா 1986இல் இயற்றிய சட்டமோ, பிழை செய்தவர் இன்னாரென மெய்ப்பிக்கச் சொல்லாது, ஊசிமருந்தின் மீதான வரியினின்று ஈடு வழங்க வழி வகுத்தது.

தோட்காயம் 2017இல் அந்நாட்டு ஈட்டுப் பட்டியலில் இடம்பெற்றது. இது மருந்தின் குற்றமன்று. ஊசி தசையில் இறங்காது மேலே மூட்டருகே பாயின் வீக்கமும் இறுக்கமும் உண்டாகும். ஊசியிட்ட தோளிலேயே 48 மணி நேரத்துள் நோவு தொடங்கியிருத்தல் வேண்டும். முன்னர் அத்தோளில் நோயிருத்தல் ஆகாது. பொதுவாக அவ்வூறு ஆறு திங்களுக்கு மேல் நீடித்திருத்தலும் வேண்டும்.

மலேசியா 2021இல் கோவிட் ஊசியால் ஊறுற்றோர்க்குச் சிறப்பு நிதியுதவி அறிவித்தது. நெடுநாள் மருத்துவமனையில் கிடந்தோர்க்கு 50,000 வெள்ளி. நிலையான முடமோ இறப்போ நேரின் 500,000 வெள்ளி. ஈண்டு ஓர் இடைவெளி உண்டு. தோள் இறுகியவர் பெரும்பாலும் மருத்துவமனையில் கிடப்பதில்லை, வீட்டிலிருந்தே வருந்துகின்றார். ஜொகூர்ச் செம்பனைத் தோட்டத்தில், நெடுங்கழியில் கட்டிய அரிவாளைத் தலைக்குமேல் உயர்த்திக் குலை வெட்டுபவர்க்குக் கை உயராத ஆறு திங்கள் பிழைப்பற்ற ஆறு திங்களே.

தோட்ட மக்களுக்கு இந்நெறி புதிதன்று. 1952ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டமும், 1969ஆம் ஆண்டின் சொக்சோ சட்டமும் முதலாளியின் பிழையை மெய்ப்பிக்கக் கேட்டில. வேலையால் ஊறு நேர்ந்ததா என்றே கேட்டன. ஊர் நன்மைக்குத் தோள் கொடுத்தவரிடமும் அவ்வொரு கேள்வியைக் கேட்பதே முறையாகும்.