மாத்திரையும் மாரடைப்பும்

பி.காம் படிக்கிறவனுக்கு புராஸ்டேட் புற்றுநோயில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். ஆடிட்டிங் பாடத்துக்கு எதையோ தேடப்போய் இந்தக் கதையில் மாட்டிக்கொண்டேன். இதுவும் கடைசியில் கணக்கில்தான் வந்து நிற்கிறது!

1941-ல் சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ், கிளாரன்ஸ் ஹாட்ஜஸ் என்ற இரு மருத்துவர்கள் ஒன்றைக் காட்டினார்கள். இந்தப் புற்று வளர ஆண் ஹார்மோன் வேண்டும். விரைகளை அகற்றினாலோ, பெண் ஹார்மோன் கொடுத்தாலோ அடங்குகிறது. எலும்புவரை பரவியவர்களில் பலருக்கு வலியே விட்டுப்போனது. ஹக்கின்ஸுக்கு 1966-ல் நோபல் பரிசு.

அறுவை சிகிச்சைக்கு யார்தான் ஆசைப்படுவார்கள்? மாத்திரை இருந்தது. பெயர் டைஎதில்ஸ்டில்பெஸ்ட்ரால் (ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள்). பெண் ஹார்மோனைப் போல வேலை செய்யும் இதை 1938-ல் லண்டனில் சார்லஸ் டாட்ஸ் குழு உருவாக்கியது. காப்புரிமை வாங்கவில்லை, அதனால் விலையும் மலிவு. டாக்டர்கள் தாராளமாக எழுதிக் கொடுத்தார்கள்.

சிக்கல் இதில்தான். நோயாளிகள் பெரும்பாலும் வயதானவர்கள். எழுபது வயதுக்காரர் மாரடைப்பில் போனால் மாத்திரையை யார் சந்தேகப்படுவார்கள்? ஒரு டாக்டர் பார்ப்பதோ கொஞ்சம் பேரை. அவர் நோட்டில் இது தெரியவே தெரியாது.

1960-ல் அமெரிக்காவின் முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனைகள் பல ஒன்றுசேர்ந்து ஒரே விதிமுறையில் ஆய்வைத் தொடங்கின. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள். யாருக்கு எந்த சிகிச்சை என்பதை சீட்டுக் குலுக்குகிற மாதிரி முடிவு செய்தார்கள். சிலருக்குத் தினம் 5 மில்லிகிராம் மருந்து, சிலருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. யார் இறந்தாலும் என்ன காரணம் என்று தனித்தனியாகப் பதிவு செய்தார்கள்.

1967-ல் முடிவு வந்தது. மருந்து சாப்பிட்டவர்களில் புற்றுநோய்ச் சாவு குறைந்திருந்தது. ஆனால் பக்கத்துப் பத்தியில் இதயம், ரத்தக்குழாய்க் கோளாறால் வந்த சாவு ஏறியிருந்தது. மொத்தம் போட்டால் ஆயுளில் லாபம் இல்லை. புற்றுநோய்ப் பத்தியை மட்டும் பார்த்திருந்தால் பெரிய வெற்றி என்றுதான் எழுதியிருப்பார்கள். எங்கள் பாஷையில் சொன்னால், வரவை மட்டும் காட்டிய பேலன்ஸ் ஷீட்.

அதே குழு அடுத்த ஆய்வில் 0.2, 1, 5 மில்லிகிராம் அளவுகளையும் வெறும் மாத்திரையையும் ஒப்பிட்டது. 0.2 போதவில்லை. 1 மில்லிகிராம், கிட்டத்தட்ட 5 அளவுக்கே புற்றைக் கட்டுப்படுத்தியது. இதயச் சாவும் அந்த அளவுக்கு ஏறவில்லை. முதல் ஆய்வில் 5 மில்லிகிராம் வாங்கியவர்களுக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை.