ஜெர்மானிய ஐக்கியமும் திரைமறைவு உடன்படிக்கைகளும்

சாமம், தானம், பேதம், தண்டம் என்னும் நால்வகை உபாயங்களை நம் முன்னோர் அரசியலுக்கு அங்கங்களாக வகுத்தனர். அவற்றுள் தண்டத்தை இறுதியில் வைத்ததன் கருத்து, ஏனைய மூன்றும் பயன்படாதவிடத்தே அதனைக் கைக்கொள்ள வேண்டும் என்பதாம். ஜெர்மனியின் ஐக்கியத்தைப் பற்றிப் பேசுவோரோ பெரும்பாலும் தண்டம் ஒன்றையே எடுத்துரைப்பர். 1864, 1866, 1870 ஆகிய ஆண்டுகளில் மூண்ட மூன்று யுத்தங்களால் அத்தேசம் ஒன்றுபட்டது என்பது பாடசாலைப் பிள்ளைகளும் அறிந்த செய்தி. அது பொய்யன்று, ஆயினும் முழு உண்மையும் அன்று. வென்ற நாட்டை வாளால் ஆளலாம். ஆனால் தோற்றவனையும் தோழனாய் நின்றவனையும் தாமே வந்து கையொப்பமிடச் செய்வது வாளால் ஆகாது. அதனைச் செய்தவை எவை, அவற்றிற்குக் கொடுத்த விலை யாது என்பவற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

நெப்போலியன் வீழ்ந்த 1815-ஆம் ஆண்டில், வியன்னா நகரில் கூடிய ராஜப் பிரதிநிதிகள் ஜெர்மானியச் சமஷ்டி என்னும் ஓர் அமைப்பை ஏற்படுத்தினர். ஏறக்குறைய 39 ராஜ்யங்களும் சுதந்திர நகரங்களும் அதில் அடங்கின. பிராங்க்பர்ட் நகரில் கூடிய அதன் சபைக்கு ஆஸ்திரியாவே தலைமை வகித்தது. பிரஷ்யாவுக்கு இரண்டாமிடமே கிட்டியது. எனினும் 1834-ஆம் ஆண்டில் தொடங்கிய சுங்க ஐக்கியத்தில் ஆஸ்திரியா சேரவில்லை. ஆதலால் வியாபாரத் துறையில் பிரஷ்யாவே ஜெர்மானியர்க்குத் தலைமையாயிற்று.

1849-ஆம் ஆண்டில் மக்கள் பிரதிநிதிகள் ஐக்கியத்திற்கு ஒரு முயற்சி செய்தனர். பிராங்க்பர்ட்டில் கூடிய அவர்கள் ஓர் அரசியல் திட்டம் வகுத்து, பிரஷ்ய மன்னரான நான்காம் பிரெடெரிக் வில்லியத்திற்குச் சக்கரவர்த்தி மகுடத்தை அளிக்க முன்வந்தனர். அத்தூதுக் குழுவின் தலைவர் எட்வர்ட் சிம்சன் என்பவர். மன்னர் அதனை ஏற்க மறுத்தார். குடிகள் கொடுக்கும் முடி அரசனுக்குத் தகாது என்பது அவர் கொள்கை. இந்தச் சிம்சன் என்னும் பெயரை அன்பர்கள் நினைவில் வைத்தல் வேண்டும். பின்னரும் அவரைக் காண்போம்.

1862-ஆம் ஆண்டில் பிஸ்மார்க் பிரஷ்யாவின் முதல் மந்திரியானார். ஆஸ்திரியாவை ஜெர்மனியினின்றும் விலக்குவதே அவர் நோக்கம். அதற்கு முதலில் அயலாரை ஒதுங்கி நிற்கச் செய்ய வேண்டியிருந்தது. 1865-ஆம் ஆண்டு அக்டோபரில் பியாரிட்ஸ் என்னும் கடற்கரை ஊரில் பிரெஞ்சுச் சக்கரவர்த்தி மூன்றாம் நெப்போலியனைச் சந்தித்தார். எழுத்து மூலமான வாக்கு ஒன்றும் அளிக்காமல், நடுநிலை வகித்தால் பிரான்சுக்கு ஏதேனும் லாபம் உண்டாகும் என்னும் எண்ணத்தை மட்டும் அவர் உள்ளத்தில் வளரவிட்டார். அடுத்து, 1866-ஆம் ஆண்டு ஏப்ரல் 8-ஆம் தேதி இத்தாலியோடு உடன்படிக்கை முடிந்தது. மூன்று மாதத்திற்குள் பிரஷ்யா ஆஸ்திரியாவோடு போர் தொடங்கினால் இத்தாலியும் தொடங்கும். அதற்கு ஈடாக வெனீஷியா மாகாணம் அதற்குக் கிடைக்கும். சமஷ்டியின் அங்கமாயுள்ள ஒரு ராஜ்யம் மற்றோர் அங்கத்திற்கு விரோதமாக அந்நியரோடு கூடலாகாது என்பது சமஷ்டியின் விதி. அவ்விதியை மீறியே இவ்வுடன்படிக்கை செய்யப்பட்டது. மறுபக்கத்தில் ஆஸ்திரியாவும் வாளாவிருக்கவில்லை. போரில் வென்றாலும் வெனீஷியாவை விட்டுக்கொடுப்பதாக ஜூன் 12-ஆம் தேதி பிரான்சுக்கு ரகசியமாக வாக்களித்து, அதன் நடுநிலைமையைப் பெற்றது. ஆகவே முதற் குண்டு வெடிக்குமுன்னரே, எவர் வென்றாலும் வெனீஷியா கைமாறுவது உறுதியாகிவிட்டது!

பவேரியா, சாக்ஸனி, வூர்ட்டம்பர்க், ஹானோவர் முதலிய ராஜ்யங்கள் ஆஸ்திரியாவின் பக்கம் நின்றன. ஆனால் ஜூலை 3-ஆம் தேதி கோனிக்ரேட்ஸ் போர்க்களத்தில் பிரஷ்யா பெருவெற்றி பெற்றது. பிஸ்மார்க்கின் உண்மையான திறமை வெளிப்பட்டது அவ்வெற்றிக்குப் பின்னரே என்பது நமது கருத்து. மன்னர் முதலாம் வில்லியமும் சேனாதிபதிகளும் வெற்றிக் களிப்பில் வியன்னா வரை செல்லவும், ஆஸ்திரியாவின் நிலத்தில் ஒரு பகுதியைக் கொள்ளவும் விரும்பினர். பிஸ்மார்க் அதனை முற்றிலும் எதிர்த்தார். இன்று அவமதிக்கப்படும் ஆஸ்திரியா நாளைய யுத்தத்தில் பகைவனோடு சேரும் என்பது அவர் வாதம். முடிவில் பட்டத்து இளவரசர் இடையிட்டுத் தந்தையாரை இணங்கச் செய்தார். சிறிதளவு அபராதத் தொகை நீங்கலாக ஆஸ்திரியா பிரஷ்யாவுக்கு இழந்தது ஜெர்மானிய விவகாரங்களில் தனக்கிருந்த பாத்தியதை ஒன்றையே. தன் நிலத்தில் ஓர் அடியையும் பிரஷ்யாவுக்குக் கொடுக்கவில்லை.

அந்தத் தயவு எல்லோர்க்கும் கிட்டியதன்று. ஹானோவர், ஹெஸ்ஸே-காஸல், நாசௌ, பிராங்க்பர்ட் நகரம் ஆகியவை பிரஷ்யாவோடு சேர்த்துக்கொள்ளப்பட்டன. கண்ணொளி இழந்தவராகிய ஹானோவர் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் அரியணையை இழந்தார். அவருக்கு நஷ்டஈடாக ஒப்புக்கொண்ட பெருந்தொகையையும் 1868-ஆம் ஆண்டில் பிரஷ்ய சர்க்கார் பறிமுதல் செய்தது. அதன் வருமானம் சட்டசபைக்குக் கணக்குக் காட்டாமல் பிஸ்மார்க் செலவிடத்தக்க ரகசிய நிதியாயிற்று.

நிற்க. தெற்கேயுள்ள பவேரியா, வூர்ட்டம்பர்க், பாடன் ஆகிய ராஜ்யங்கள் வெளித்தோற்றத்தில் சுதந்திரமாக விடப்பட்டன. ஆனால் அதே 1866-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், யுத்தம் வந்தால் தம் படைகளைப் பிரஷ்ய மன்னரின் தலைமையில் வைப்பதாக மூன்றும் ரகசிய உடன்படிக்கை செய்துகொண்டன. நேற்று வரை பகைவராயிருந்தோர் இதற்கு இசைந்தது எங்ஙனம்? நடுநிலை வகித்ததற்குக் கூலியாக ரைன் நதியின் இடக்கரையில் பவேரியாவுக்கும் ஹெஸ்ஸேவுக்கும் உரிய நிலங்களைப் பிரெஞ்சுத் தூதர் பெனடெட்டி கேட்டிருந்தார். அக்கோரிக்கையை பிஸ்மார்க் பவேரிய மந்திரிக்கு அறிவித்தார். பிரான்சின் பேராசையே தென்னாட்டாரைப் பிரஷ்யாவின் பக்கம் தள்ளியது.

1870-ஆம் ஆண்டு ஜூலையில் எம்ஸ் என்னும் ஊரிலிருந்து வந்த தந்தியை பிஸ்மார்க் சுருக்கி வெளியிட்டதும், அதனால் சினங்கொண்ட பிரான்ஸ் போர் தொடுத்ததும் பலரும் அறிந்தவை. தென்னாட்டுப் படைகள் உடன்படிக்கைப்படி பிரஷ்யாவோடு சேர்ந்து போரிட்டன. செப்டம்பரில் செடானில் மூன்றாம் நெப்போலியன் சிறைப்பட்டார். இனி ஐக்கியத்தைப் பத்திரத்தில் எழுதுவதே எஞ்சியிருந்தது. அதுவே எல்லாவற்றினும் கடினமாயிற்று.

தென்னாட்டு மந்திரிகள் வெர்செய்ல்ஸ் நகருக்கு வந்தனர். பிஸ்மார்க் அவர்களை ஒருங்கு கூட்டிப் பேசாது தனித்தனியே பேசினார். நவம்பர் 15-ஆம் தேதி பாடனும் ஹெஸ்ஸேயும் கையொப்பமிட்டன. தான் தனித்து விடப்படுவோம் என்று அஞ்சிய பவேரியா 23-ஆம் தேதியும், வூர்ட்டம்பர்க் 25-ஆம் தேதியும் இசைந்தன. பவேரியாவுக்கு அளித்த சலுகைகள் மிகப் பல: சமாதான காலத்தில் படை அதன் மன்னரது ஆணையில் இருக்கும்; ரயில்வே, தபால், தந்தி அதற்கே உரியன; பீர், பிராந்தி ஆகியவற்றின் மீதான வரியும் அதற்கே. மேலும், ராஜ்யப் பிரதிநிதிகள் சபையின் 58 வாக்குகளில் 14 எதிராக விழுந்தால் அரசியல் திட்டத்தைத் திருத்தவொண்ணாது. பிரஷ்யாவின் வாக்குகளோ 17. பவேரியா, சாக்ஸனி, வூர்ட்டம்பர்க் மூன்றும் கூடினாலும் 14 வாக்குகள் சேரும். மானத்தைக் காத்துக்கொள்ள இடம் கொடுத்ததனாலேயே சிறிய ராஜ்யங்கள் பெரியதனோடு இணைந்தன.

இனி மகுடம். பிரஷ்ய மன்னர் தாமே சக்கரவர்த்திப் பட்டத்தைச் சூடிக்கொள்ளலாகாது. ஏனைய மன்னருள் முதல்வராகிய பவேரிய மன்னர் வேண்டிக்கொள்ள, அவர் ஏற்பதாக இருத்தல் வேண்டும். அம்மன்னர் இரண்டாம் லூட்விக், 25 வயதினர். மாளிகைகள் கட்டுவதில் பெருவிருப்பமும், அதனால் கடனும் உடையவர். அவர் வெர்செய்ல்ஸுக்கு வரவேயில்லை. அவருடைய அசுவ சாலைத் தலைவர் ஹோல்ன்ஸ்டைன் பிரபுவே வந்தார். நவம்பர் 27-ஆம் தேதி பிஸ்மார்க், லூட்விக் வில்லியத்திற்கு எழுதவேண்டிய கடிதத்தைத் தாமே எழுதி அவரிடம் கொடுத்தனுப்பினார். பிரபு விரைந்து சென்றபோது மன்னர் பல்வலியால் படுக்கையில் இருந்தார். நவம்பர் 30-ஆம் தேதி அக்கடிதத்தைச் சிறு மாறுதல்களோடு தம் கைப்பட எழுதி அனுப்பினார். ஜெர்மானிய மன்னர்களின் வேண்டுகோள் எனப்பட்டது, உண்மையில் அவ்வேண்டுகோளைப் பெறுபவரின் மந்திரி எழுதியதேயாம்.

அதன் பின் லூட்விக்குக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 3 லட்சம் மார்க் ரகசியமாக அளிக்கப்பட்டு வந்தது. ஹோல்ன்ஸ்டைன் பிரபு நூற்றுக்குப் பத்து வீதம் பெற்றுக்கொண்டார். பணம் வந்தது எங்கிருந்து? ஹானோவர் மன்னரிடமிருந்து பறித்த அந்த நிதியிலிருந்தே! ஒரு மன்னரின் உடைமை மற்றொரு மன்னரின் இசைவுக்கு விலையாயிற்று. பணத்திற்காகவே லூட்விக் இசைந்தார் என்று நாம் கூறத் துணியோம். அவருடைய மந்திரிகள் முன்னரே கையொப்பமிட்டிருந்தனர், வேறு வழியும் அவருக்கு இல்லை. ஆயினும் மறைத்துக் கொடுக்கவேண்டிய பொருள் நேரிய பொருளன்று.

டிசம்பர் 18-ஆம் தேதி மக்கள் பிரதிநிதிகளின் தூதுக் குழு ஒன்று வெர்செய்ல்ஸுக்கு வந்து, மகுடத்தை ஏற்குமாறு வில்லியத்தை வேண்டிற்று. அதன் தலைவர், 21 ஆண்டுகட்கு முன் வெறுங்கையோடு திரும்பிய அதே சிம்சன். இம்முறை மறுப்பு இல்லை. ஏனெனில் முடியை அளித்தவர்கள் மன்னர்கள். மக்கள் அதற்கு ஆமென்றவர்களே.

பட்டத்தின் பெயரிலும் பிணக்கு எழுந்தது. வில்லியம் 'ஜெர்மனியின் சக்கரவர்த்தி' என்று அழைக்கப்பட விரும்பினார். அப்பெயர் ஏனைய மன்னரின் நாடுகளையும் அவருடையன ஆக்கிவிடும். ஆதலால் 'ஜெர்மானியச் சக்கரவர்த்தி' என்பதே தகும் என்றார் பிஸ்மார்க். 1871-ஆம் ஆண்டு ஜனவரி 18-ஆம் தேதி கண்ணாடி மண்டபத்தில் விழா நடந்தபோது, பாடன் கோமான் இரண்டையும் விடுத்து 'வில்லியம் சக்கரவர்த்தி' என்று வாழ்த்தொலி எழுப்பிச் சங்கடத்தைத் தீர்த்தார். சினம் ஆறாத வில்லியமோ பிஸ்மார்க்குக்குக் கை கொடாமலே கடந்து சென்றார். மூன்று நாள் கழித்துப் பவேரியச் சட்டசபை 102 வாக்குகளுக்கு 48 என்னும் கணக்கில் ஐக்கியத்தை ஏற்றது. வேண்டிய மூன்றில் இரு பங்கிற்கு மேல் கிடைத்தவை இரண்டே வாக்குகள்.

இவ்வரலாற்றால் நாம் அறியத்தக்கது யாது? 1866-இல் நிலம் பறிக்கப்படாத ஆஸ்திரியா, 1879-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் உடன்படிக்கைத் தோழனாயிற்று. அந்நாட்டு மக்களைக் கேளாமல் பிரான்சினிடமிருந்து பறித்த அல்ஸாஸ்-லொரேன் தீராப் பகையை வளர்த்து, 1919-ஆம் ஆண்டில் கைநழுவிப் போயிற்று. அவ்வுடன்படிக்கையும் அதே கண்ணாடி மண்டபத்திலேயே கையொப்பமாயிற்று. அதற்கு முந்திய ஆண்டு நவம்பரில் ஜெர்மானிய மன்னர் அனைவரும் முடி இழந்தனர். அவர்கள் பேரம் பேசிப் பெற்ற உரிமைகளும் வாங்கிய பணமும் அவர்களைக் காக்கவில்லை. ஆனால் ஐக்கியம் அவர்களோடு அழியவில்லை. இரண்டாம் உலக யுத்தத்திற்குப் பின் இரண்டாகப் பிரிந்த தேசம் 1990-ஆம் ஆண்டில் மீண்டும் ஒன்றாயிற்று. பத்திரத்தை எழுதியவர்கள் மன்னரும் மந்திரியுமே. அதனை நிலைக்கச் செய்தது, 1849-இல் சிம்சன் ஏந்திச் சென்று மறுக்கப்பட்ட அம்மக்களின் விருப்பமே என்று நாம் துணிகிறோம்.