திருநெல்வேலி நிலாவாரையும் குடல்வாழ் நுண்ணுயிரிகளும்: புற்றுநோய் மருத்துவத்தின் முன்வரலாறு

குடல்வாழ் நுண்ணுயிரிகள் புற்றுநோய் மருந்துகளின் பயனை மாற்றுகின்றன என்பது அண்மைக்கால ஆய்வுப்பொருள். அதற்கு நெல்லைச் சீமையின் ஏற்றுமதிச் சரக்கொன்று முன்வரலாறாக அமைவதை இக்கட்டுரை சுட்டுகிறது.

19ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய மருந்துநூல்கள் நிலாவாரையை ‘அலெக்சாந்திரியா’, ‘டின்னவெல்லி’ என இருவகைப்படுத்தின. அலெக்சாந்திரியா இலையில் ஆர்கெல் முதலிய வேற்றிலைகள் கலந்திருக்கும். திருநெல்வேலிச் சரக்கோ தூய்மைக்குப் பெயர்பெற்றது. அராபிய நிலத்துக்குரிய இச்செடிக்குத் தாமிரபரணி வாய்க்கால் பாயும் நன்செய் உரியதன்று. ஆற்றுநீர் எட்டாத மானாவாரி நிலங்களில் விளைந்து, தூத்துக்குடித் துறை வழியே அது கப்பலேறியது. 1986இல் தூத்துக்குடி தனி மாவட்டமான பின்னும் மருந்துநூல்களில் பழைய பெயரே நிலைத்துள்ளது. இவ்வட்டார உழவர் இதனை ‘அவுரி’ என்பர். நீலச்சாயம் தரும் அவுரி வேறு. ஆவணங்களில் இச்சொல்லைக் காண்போர் எப்பயிர் எனத் தெளிந்தே மேற்செல்லல் வேண்டும்.

இலை பேதியாக்கும் என்பது பழைய அறிவு. எவ்வாறு என்பது நெடுங்காலம் விளங்கவில்லை. 1940களில் சுவிட்சர்லாந்தின் ஆர்தர் ஸ்டோல் குழுவினர் சென்னோசைடுகளைப் பிரித்தெடுத்தனர். சர்க்கரை பிணைந்த இச்சேர்மங்கள் சிறுகுடலில் பெரிதும் உறிஞ்சப்படாமல் பெருங்குடலை அடைகின்றன. அங்குள்ள பாக்டீரியாக்கள் சர்க்கரையை அறுத்து, எஞ்சியதை ரெயின் ஆந்திரோனாக மாற்றிய பின்னரே மருந்து வேலை செய்கிறது. 1980களின் ஜப்பானிய ஆய்வுகள் இதனைத் தெளிவாக்கின. ஆக, கப்பலேறியது பாதி மருந்தே. மீதியை உண்டவர் குடல் செய்தது.

வலிதணிக்க மார்பின் பெறும் புற்றுநோயாளர்க்கு மலச்சிக்கல் பெரும்பாலும் நேர்வது. அதற்குச் சென்னா தருதல் நோய்த்தணிப்பு மருத்துவத்தின் வழக்கம். உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலிலும் அது இடம்பெற்றுள்ளது. அந்நோயாளர்க்கே தொற்றின்பொருட்டு ஆன்டிபயாடிக் தர நேரின், சென்னாவைச் செயற்படுத்தும் உயிரிகளும் குறையக்கூடும். இதனால் சென்னா புற்றுநோயைத் தீர்க்கும் என்றோ, முன்னோர் நுண்ணுயிரிகளை அறிந்திருந்தனர் என்றோ கொள்ளுதல் பொருந்தாது. அத்தகைய கூற்றுகள் நம் மருத்துவ வரலாற்றெழுத்தில் ஏற்கெனவே மிகுதி.

இத்தகைய அறுப்பே தீங்காதலும் உண்டு. பெருங்குடற் புற்றுக்கான இரினோடீக்கான் மருந்தின் செயலுறு வடிவத்தைக் கல்லீரல் ஒரு சர்க்கரை அமிலத்துடன் பிணைத்து அடக்கிக் குடலுக்கு அனுப்புகிறது. பாக்டீரிய நொதி அப்பிணைப்பை அறுக்க, மருந்து மீண்டும் உயிர்பெற்றுக் குடற்சுவரைத் தாக்கிக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்குகிறது. அந்நொதியைத் தடுத்தால் எலிகள் காக்கப்படுவதை 2010இல் ‘சயின்ஸ்’ இதழ்க் கட்டுரையொன்று காட்டியது.