இணையவழிச் சூதாட்டம்: ஏமாற்றுத் தளங்களும் சூதாட்ட நோயும்

இணையத்தில் பணம் வைத்து ஆடி இழந்தவர்கள், "ஏமாற்றாத தளம் எது?" என்று மருத்துவரிடமும் கேட்பதுண்டு. ஒரு தளத்தில் இழந்ததை வேறொரு தளத்தில் மீட்டுவிடலாம் என்ற எண்ணமே இக்கேள்விக்குக் காரணம். அந்த எண்ணம் நோயின் முதன்மையான அறிகுறிகளுள் ஒன்றாகும். ஆட்டத்தைக் கட்டுப்படுத்த இயலாதவருக்குப் பாதுகாப்பான தளம் என எதுவும் இல்லை.

சூதாட்ட நோய் என்றால் என்ன?

உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் சூதாட்டக் கோளாறு ஒரு மனநல நோயாக இடம்பெற்றுள்ளது. ஆட்டத்தைக் கட்டுப்படுத்த இயலாமை, குடும்பம், தொழில் ஆகியவற்றைவிட ஆட்டத்திற்கே முதலிடம் அளித்தல், தீங்கு நேர்ந்த பின்னரும் தொடர்தல் ஆகிய மூன்றும் இதன் இலக்கணம். இது ஒழுக்கக்கேடு அன்று. சிகிச்சையால் குணமடையக்கூடிய நோய்.

கீழ்க்காணும் இரு வினாக்களுள் ஒன்றுக்கேனும் "ஆம்" என்பது விடையானால் மருத்துவரை அணுகவும்.

• பந்தயத் தொகையை மேலும் மேலும் கூட்ட வேண்டும் என்ற உந்துதல் எப்போதேனும் ஏற்பட்டதா?
• எவ்வளவு ஆடினீர்கள் என்பதை நெருங்கியவர்களிடம் மறைத்துப் பொய் கூற நேர்ந்ததா?

ஏமாற்றுத் தளங்கள் செயல்படும் முறை

தொடக்கத்தில் சிறு தொகைகளை வெல்ல விடுவர். அதனைத் தடையின்றி எடுக்கவும் விடுவர். நம்பிக்கை வளர்ந்து பெருந்தொகை செலுத்திய பின், பணத்தை எடுக்க "வரி", "சரிபார்ப்புக் கட்டணம்" என்று மேலும் பணம் கேட்பர். பின்வருவன எச்சரிக்கை அடையாளங்கள்:

• வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்கள் வழியாக அழைப்பு வருதல்
• அதிகாரப்பூர்வச் செயலி அங்காடிக்கு வெளியிலிருந்து செயலியை நிறுவச் சொல்லுதல்
• தனிநபர் பெயரிலுள்ள, அடிக்கடி மாறும் கணக்குகளுக்குப் பணம் அனுப்பச் சொல்லுதல்
• ஆதார், வங்கி விவரங்களைக் கேட்டல், அல்லது வங்கிக் கணக்கை வாடகைக்குக் கேட்டல்

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறன் சார்ந்ததா அதிர்ஷ்டம் சார்ந்ததா என்ற வேறுபாடின்றிப் பணம் வைத்து ஆடும் இணையவழி விளையாட்டுகளைத் தடை செய்கிறது. எனவே "அரசு அனுமதி பெற்றது" என்னும் விளம்பரத்தை நம்ப வேண்டாம். இழந்த பணத்தை மீட்டுத் தருவதாகக் கூறி முன்பணம் கேட்பவரும் மோசடிக்காரரே.

சில மருந்துகளும் காரணமாகலாம்

பார்க்கின்சன் நோய்க்கு வழங்கப்படும் பிரமிபெக்சோல், ரோபினிரோல் ஆகியவையும், மனநல சிகிச்சையில் பயன்படும் அரிபிப்ரசோலும் சிலருக்கு அடக்க இயலாத சூதாட்ட உந்துதலை ஏற்படுத்தக்கூடும். முன்பு சூதாட்டப் பழக்கமே இல்லாத முதியவர் திடீரெனச் சேமிப்பை இழக்கத் தொடங்கினால் மருந்துச் சீட்டுடன் மருத்துவரைப் பார்க்கவும். மருந்தைத் தாமாக நிறுத்தக் கூடாது. அளவைக் குறைப்பதா, மருந்தை மாற்றுவதா என்பதை மருத்துவரே முடிவு செய்வார்.

குடும்பத்தினர் செய்ய வேண்டியவை

• பணம் அண்மையில் பறிபோயிருந்தால் 1930 என்னும் இணையக் குற்ற உதவி எண்ணில் உடனே புகார் அளிக்கவும். விரைவாகத் தெரிவித்தால் பணத்தை இடைமறித்து முடக்கும் வாய்ப்பு கூடும். திரைப்பதிவுகளையும் பரிமாற்ற எண்களையும் அழிக்க வேண்டாம்.
• நோயாளியின் ஒப்புதலுடன் வங்கிப் பரிமாற்ற உச்சவரம்பைக் குறைக்கவும். வரவு செலவை நம்பிக்கைக்குரிய ஒருவர் சிறிது காலம் கவனித்துக்கொள்ளலாம்.
• கடன் முழுவதையும் ஒரே தாளில் எழுதச் செய்யவும். முதல் நாளிலேயே முழுத்தொகையும் வெளிவராமல் போகலாம். அதற்காகச் சினம் கொள்ள வேண்டாம்.
• கடனை அடைப்பதற்கான பணத்தை நோயாளியின் கையில் தர வேண்டாம். கடன் கொடுத்தவரிடம் நேரடியாகச் செலுத்தவும்.
• பிறர் முன்னிலையில் அவமதிப்பதையும் ஓயாது பழித்துரைப்பதையும் தவிர்க்கவும். வெட்கமே பலரைச் சிகிச்சைக்கு வரவிடாமல் தடுக்கிறது.

சிகிச்சை

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவிலும் மாவட்ட மனநலத் திட்டத்தின் வாயிலாகவும் ஆலோசனை பெறலாம். அறிவுசார் நடத்தைச் சிகிச்சை இந்நோய்க்குப் பயன் தரும். "இழந்ததை மீட்டுவிடுவேன்" போன்ற எண்ணங்களை ஆராயவும், உந்துதல் எழும் வேளையைக் கடக்கவும் இது பயிற்சி அளிக்கிறது. உடனிருக்கும் மனச்சோர்வு, மதுப்பழக்கம், தூக்கமின்மை ஆகியவற்றுக்கும் சிகிச்சை தேவைப்படலாம். இடையில் மீண்டும் ஒருமுறை ஆடிவிட்டால் சிகிச்சை தோற்றுவிட்டதாகக் கருத வேண்டாம். மறைக்காமல் மருத்துவரிடம் தெரிவிக்கவும். மருத்துவ விவரங்களின் இரகசியம் காக்கப்பட வேண்டும் என்பது மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 வழங்கும் உரிமையாகும்.

உடனடி உதவி தேவைப்படும் நிலை

"நான் இல்லாவிட்டால் கடன் தீர்ந்துவிடும்" என்பது போன்ற பேச்சு, எவரிடமும் பேசாமல் ஒதுங்கியிருத்தல், காப்பீட்டுப் பத்திரம் பற்றித் திடீரென விசாரித்தல் ஆகியவை தற்கொலை அபாயத்தின் அறிகுறிகளாக இருக்கலாம். தற்கொலை எண்ணம் உள்ளதா என்று நேரடியாகக் கேட்கவும். கேட்பதால் அவ்வெண்ணம் தூண்டப்படுவதில்லை. அவரைத் தனியே விடாமல், பூச்சிக்கொல்லி, மாத்திரைகள் போன்றவற்றை அப்புறப்படுத்தவும். டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். உயிருக்கு ஆபத்தான நிலையில் 108 அவசர ஊர்தியை உடனே அழைக்கவும்.

கடனைத் தவணையாக அடைக்க வழி உண்டு. அதற்கு முன் அவர் உயிருடன், சிகிச்சையில் இருப்பதை உறுதி செய்யவும்.