மதுரைக் காண்டத்தில் தற்குறிப்பேற்றம்

இயல்பாக நிகழும் ஒன்றின்மேல் புலவர் தம் குறிப்பை ஏற்றிச் சொல்வது தற்குறிப்பேற்ற அணி. தண்டியலங்காரம் கூறும் 35 பொருளணிகளுள் ஒன்று. வடநூலார் உற்பிரேட்சை என்பர். பள்ளிப் பாடநூல்களில் இதற்கு வழக்கமாகக் காட்டப்படும் எடுத்துக்காட்டு மதுரைக் கோட்டைக் கொடிகள். காற்றில் ஆடும் அக்கொடிகள், கோவலனையும் கண்ணகியையும் ‘வர வேண்டாம்’ எனக் கைகாட்டி மறித்தனவாம்.

இவ்விடம் சிலப்பதிகாரத்தின் 13ஆவது காதையான புறஞ்சேரி இறுத்த காதையில் வருகிறது. கொடிகளை மட்டும் பிரித்தெடுத்துப் படித்தால் பாதிச் சுவை போய்விடும். அவற்றுக்கு முன்பே வைகை வருகிறது. ஆற்றை ஒரு பெண்ணாக உருவகித்த இளங்கோவடிகள், கண்ணகிக்கு நேரப்போவதை அறிந்தவள் போலப் பூவாடை போர்த்துக் கண்ணீரை மறைத்தாள் என்கிறார். கணவனும் மனைவியுமோ இது நீராறு அன்று, பூவாறு என்று வியந்து தொழுகிறார்கள். பாத்திரங்கள் கண்டது பூ. படிப்பவர் காண்பது கண்ணீர். புணையேறித் தென்கரை சேர்ந்தால் அகழியில் குவளையும் ஆம்பலும் தாமரையும் கண்ணீர் கொண்டு நடுங்குகின்றன. அதன் பிறகே மதிலும் கொடியும்.

அந்தக் கொடிகள் பாண்டியன் போரில் வென்று உயர்த்தியவை. பகைவரை அச்சுறுத்த வேண்டியவை அடைக்கலம் தேடி வருவோருக்காக இரங்குகின்றன. அரசியல் பிழைத்தோர்க்கு அறமே கூற்றாகும் என்பது காப்பியத்தின் மூன்று கோட்பாடுகளுள் ஒன்று. நெடுஞ்செழியன் அவையில் கண்ணகி சிலம்பை உடைத்து மாணிக்கப் பரலைக் காட்டும் வழக்குரை காதைக்கு இன்னும் ஏழு காதைகள் இருக்க, அரசன் கொடியே அவன் நீதியைப் பற்றி எச்சரித்துவிடுகிறது. ஊழ்வினை என்னும் மற்றொரு கோட்பாடும் இங்கேயே செயல்படுகிறது; எச்சரிக்கை உரியவர் கண்ணில் படவில்லை.

மனிதத் துயரை இயற்கைமேல் ஏற்றுவது உணர்ச்சி மிகுதியால் வரும் பிழை என ஆங்கிலத் திறனாய்வாளர் ஜான் ரஸ்கின் 1856இல் எழுதினார். அக்குறை இங்கே பொருந்தாது. அழுபவர் யாரும் இல்லாத இடத்தில் ஆறு அழுகிறது. ஏற்றப்படுவது பாத்திரத்தின் உணர்ச்சியன்று, கதையின் முடிவு.

தேர்வுக்காகக் கொடியை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் வைகையிலிருந்து தொடங்கி அக்காதையை ஒருமுறை முழுதாகப் படிக்க வேண்டும்.