நாக்கு வீங்கிய ஹோமரும் காட்டுப் பீட்டரும்

போன வாரம் பையனோடு உட்கார்ந்து 'தி சிம்ப்ஸன்ஸ்' முதல் சீசனை மறுபடி பார்த்தேன். 1990 பிப்ரவரியில் வந்த ஏழாவது எபிசோட். பக்கத்து வீட்டு ஃபிளாண்டர்ஸ் பெரிய கேரவன் வாங்கிவிட்டானே என்ற வயிற்றெரிச்சலில் ஹோமர் ஒரு ஓட்டை வண்டியை வாங்கி, குடும்பத்தோடு காட்டுக்குப் போய் அதை மலையிலிருந்து கீழே விட்டுவிடுகிறான். ஆற்றில் துணியும் போச்சு. பசி தாங்காமல் தேன்கூட்டுக்குள் தலையை விட, தேனீக்கள் நாக்கிலேயே கொட்டுகின்றன. தப்பிக்கச் சேற்றில் குதிக்கிறான். உடம்பெல்லாம் சேறு, வாயில் வெறும் உளறல். அங்கே வந்த ஒரு காமிராக்காரர் 'பிக்ஃபுட்' என்று படம் பிடித்துவிடுகிறார்.

பிக்ஃபுட் என்பது அமெரிக்காவின் மேற்குக் காடுகளில் அலைவதாகச் சொல்லப்படும் குரங்கு மனிதன். 1967 அக்டோபர் 20 அன்று கலிஃபோர்னியாவின் பிளஃப் க்ரீக்கில் ரோஜர் பேட்டர்சன் எடுத்த ஒரு நிமிடப் படச்சுருளை வைத்து இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதை விடுங்கள்.

எனக்கு உறுத்தியது அந்த நாக்குதான். ஹோமரால் பேச முடிந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். பிடித்துக்கொண்டு போய்ச் சோதித்த விஞ்ஞானிகளுக்கோ இவன் மந்த மனிதனா, கெட்டிக்கார மிருகமா என்று கடைசிவரை புரியவில்லை.

இந்தக் குழப்பம் பழசு. 1758இல் லின்னேயஸ் தன் 'சிஸ்டமா நேச்சுரே' பத்தாம் பதிப்பில், மனித இனத்துக்குள்ளேயே 'ஹோமோ ஃபெரஸ்', அதாவது காட்டு மனிதன், என்று ஒரு பிரிவு வைத்தார். அடையாளம் மூன்று: நாலு காலில் நடப்பது, பேச்சு இல்லாதது, உடம்பெல்லாம் முடி. அவர் காட்டிய உதாரணங்களில் ஒருவன் ஹானோவர் பையன் பீட்டர்.

ஜெர்மனியில் ஹாமெலின் பக்கத்துக் காட்டில் (எலி பிடிக்கும் குழலூதி கதை வருமே, அதே ஊர்தான்) 1720களில் அகப்பட்ட சிறுவன். 1726இல் லண்டன் அரண்மனைக்குக் கொண்டுவந்தார்கள். ஆர்பத்நாட் என்ற மருத்துவர் பேசக் கற்றுத்தரப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. டேனியல் டிஃபோ அவனைப் பற்றித் தனி நூலே எழுதினார். கென்சிங்டன் அரண்மனை மாடிப்படிச் சுவரில் வில்லியம் கென்ட் வரைந்த ஓவியத்தில் பீட்டரை இன்றும் பார்க்கலாம். அந்த உதட்டு வளைவை வைத்து, அவனுக்கு இருந்தது பிட்-ஹாப்கின்ஸ் என்ற மரபணுக் குறைபாடாக இருக்கலாம் என்று 2011இல் ஒரு யூகம் வந்தது. ஆக, காடு அவனை ஊமையாக்கியிருக்க வேண்டியதில்லை. பேச வராத பிள்ளை என்பதற்காகவே யாரோ காட்டில் கொண்டுபோய் விட்டிருக்கலாம்.

அரண்மனைக்கு வேடிக்கை அலுத்ததும் ஹெர்ட்ஃபர்ட்ஷயரில் ஒரு பண்ணையில் அரசுச் செலவில் விட்டார்கள். 1751இல் பீட்டர் வழி தவறி நாரிச் நகரம் வரை போய்விட்டார். யார், எந்த ஊர் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நாடோடி என்று பிடித்து அடைத்தார்கள், பாவம்.

ஹோமருக்காவது, அது தன் புருஷன் என்று சொல்ல மார்ஜ் இருந்தாள். பீட்டருக்குக் கழுத்தில் ஒரு தோல்பட்டை மாட்டினார்கள். அதில் அவர் பெயர், கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய விலாசம், சேர்ப்பவருக்குக் கூலி உண்டு என்ற வாசகம். 1785இல் இறக்கும்வரை அவர் பேசவில்லை. பட்டை பெர்காம்ஸ்டெட் பள்ளியில் பத்திரமாக இருக்கிறது.