செஞ்சி மலையும் ஆடுபுலிக் கட்டமும்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு நிலத்தைப் படிக்கச் சொல்லித்தந்தது பள்ளி வரைபடம் மட்டுமல்ல, தரையில் கரிக்கட்டியால் கீறிய ஆடுபுலிக் கட்டமும்தான். 23 புள்ளிகள், 3 புலி, 15 ஆடு. புலி தாண்டி வெட்டும். ஆடுகள் வழியை அடைத்துப் புலியை முடக்கும். எந்தச் சந்தியில் எத்தனை பாதை பிரிகிறது என்று பார்க்காதவர் தோற்பார். இதே கணக்கு திண்டிவனத்துக்கு மேற்கே செஞ்சியில் போராகவே நடந்தது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளை மதிலால் இணைத்த கோட்டையை முகலாயப் படை 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டது. ஆள்பலம் இருந்தும் எல்லா வழிகளையும் அடைக்க முடியாததும் அந்த இழுபறிக்கு ஒரு காரணம்; கோட்டை விழுமுன் உள்ளே இருந்த மராட்டிய அரசர் ராஜாராம் தப்பிவிட்டார்.

அதற்காக, முற்றுகையைப் பார்த்து ஆட்டம் பிறந்தது என்று சொல்லிவிடலாமா? கூடாது. நேபாளத்தின் பாக்-சால் 25 புள்ளி, 4 புலி, 20 ஆடு என்று இதே முறையில்தான் நடக்கிறது. கோயில் தளங்களில் கீறிய கட்டங்களுக்குக் காலம் கணிப்பதும் கடினம். ஆடுபுலி பெரியவர்களின் பொழுதுபோக்கு, பிள்ளை விளையாட்டல்ல என்பாரும் உண்டு. இருக்கட்டுமே, திண்ணையில் பெரியவர் ஆட, பக்கத்தில் குந்தியிருந்த பிள்ளை கற்றுக்கொண்டது என்பதே பொருத்தமாகப் படுகிறது. பிறந்த ஊர் எதுவானாலும், அது கற்பித்தது இடத்தின் மதிப்பை: ஓரத்தில் ஒதுங்கிய புலிக்கு வழி குறைவு, நடுவில் நிற்கும் புலிக்கு அதிகம்.